பொன்னாடை வேண்டாம் என்று சொல்லலாம்

கேள்வி: எனக்கு 37 வயது. கும்பகோணம் பக்கம். கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். ஒன்பது வயதிலிருந்து பதினொன்று வரை, நாங்கள் மாமா என்று கூப்பிடும் உறவினர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். நான்கு வருடத்துக்கு முன்னால் கரித்துண்டில் வரைந்த படங்களைக் கண்காட்சியில் வைத்தபோதுதான் முதன்முதலாக அதை வெளியில் சொன்னேன். அதிலிருந்து கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் மனநல விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள். அறுபது கூட்டமாவது பேசியிருப்பேன். பேசிவிட்டு வந்தால் இரண்டு நாள் தூக்கம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் மாணவிகள் வரிசையில் நின்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் இன்ஸ்டாகிராமில் செய்தி வருகிறது. போன மாதம் ஒரு கல்லூரி முதல்வர் பொன்னாடை போர்த்தப் பின்னாலிருந்து வந்தார், எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பேனரில் ‘மீண்டு வந்தவர்’ என்று போடுகிறார்கள். நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன், ஊரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. படம் வாங்குகிறவர்கள் அந்தக் கறுப்புப் படங்களையே கேட்கிறார்கள். எனக்கோ பித்தளைக் குடத்தில் விழுகிற வெயிலை வரையத்தான் ஆசை. அம்மா, “ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்கிறார். அந்த மனிதர் பேரப் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறார். தை மாதம் குடும்பத்தில் கல்யாணம் வேறு வருகிறது. பேசுவதையெல்லாம் விட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டியதில்லை. ஆனால் இப்படியே தொடரவும் கூடாது.

பொன்னாடையிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே சுலபமாகச் சரிசெய்யக்கூடியது அதுதான். பின்னாலிருந்து வந்து தோளில் துணி போர்த்துவது நம் ஊரில் மரியாதை. சின்ன வயதில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பட்ட கையை மறக்காத உடம்புக்கு அது மரியாதையாகப் படுவதில்லை. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் இருக்கும் குழந்தை உறைந்துபோகும். தப்பிக்க அதனிடம் இருக்கும் ஒரே வழி அது. வந்தவர் முதல்வர்தான் என்று நீங்கள் யோசித்துத் தெரிந்துகொள்வதற்குள் உடம்பு அந்தப் பழைய வழியில் போய்விட்டது, அவ்வளவுதான். இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த முறை தேதி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பொன்னாடை வேண்டாம், நினைவுப் பரிசு இருந்தால் கையில் கொடுங்கள், குழுப் படம் எடுத்தால் ஓரத்தில் நிற்கிறேன். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து அந்த இரண்டு நாள் தூக்கமின்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நடந்ததை வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். பாதி உண்மை. எங்கள் மனநலச் சிகிச்சை முறைகளில், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் ஒன்று உண்டு, நல்ல பலன் தருவதும்கூட. ஆனால் அது நடக்கும் விதமே வேறு. ஒரு அறை, ஒரே ஆள், கதவு மூடியிருக்கும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கும். சொல்லும்போது ஏறிய படபடப்பு இறங்கும்வரை எதிரில் இருப்பவர் எழுந்து போக மாட்டார். ‘இதை நினைத்தால் செத்துவிட மாட்டேன், இது முடிந்துபோன விஷயம்’ என்று உடம்பு கற்றுக்கொள்வது அப்படி இறங்குகிற நேரத்தில்தான். உங்கள் கூட்டத்தில் என்ன நடக்கிறது? நாற்பது நிமிடம் பேசுகிறீர்கள், படபடப்பு உச்சியில் இருக்கிறது, கைதட்டுகிறார்கள், தேசிய கீதம், போட்டோ, டீ, பஸ். இறங்கவேண்டிய நேரம் தஞ்சாவூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கழிகிறது. அறுபது கூட்டமும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஏறுவதை அறுபது தடவை பழகிய உடம்பு, இறங்குவதை ஒரு தடவைகூடப் பழகவில்லை.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. எனக்கு இதில் பிடித்தது பின்னால் தெரியவந்த விஷயம்: யாருடைய எழுத்து நாளுக்கு நாள் மாறியதோ, ‘ஏன்’, ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ என்றெல்லாம் யாருடைய எழுத்தில் வர ஆரம்பித்ததோ, அவர்களுக்குத்தான் அதிகப் பலன். ஒரே கதையை ஒரே மாதிரி எழுதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை. மேடைப் பேச்சு ஒரே வடிவத்தில் உறைந்துபோகும் இயல்புள்ளது. பத்துக் கூட்டம் பேசினால் எந்த இடத்தில் நிறுத்தினால் அரங்கம் அமைதியாகும் என்பது தெரிந்துவிடும், அப்புறம் அந்த இடத்தை மாற்றவே மனம் வராது. உங்களுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கும். எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை உங்களுக்குப் புத்தி சொல்கிற தோரணையில் எழுத எனக்குத் தகுதி குறைவு. பல வருடம் முன்பு, அக்டோபர் 10, உலக மனநல நாளுக்காக, சிறுவயதில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணை நான்தான் ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனேன். அற்புதமாகப் பேசினார். பிள்ளைகள் அழுதார்கள். நான் பெருமையோடு ஒரு கேடயத்தையும் கையில் கொடுத்து அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு அவர் தனியாக எப்படி இருந்தார் என்பது மூன்று வாரம் கழித்து அவர் சொல்லித்தான் தெரிந்தது. படித்துப் பட்டம் வாங்கியவள் நான், பேசச் சொல்வதற்கு முன்னால் ‘பேசிய பிறகு எங்கே போவீர்கள், யார் கூட இருப்பார்கள்?’ என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாரையும் மேடைக்கு அழைப்பதில்லை. உங்களை அழைத்தவர்கள் கேட்கவில்லை என்றால் நீங்கள் அவர்களைக் கேளுங்கள். கூட ஒரு தோழி வருவதற்கும் சேர்த்துப் பயணச் செலவு, அன்றே திரும்ப முடியாத ஊர் என்றால் தங்க இடம், உங்கள் நேரத்துக்கு ஒரு தொகை. ‘சேவைதானே’ என்பார்கள். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறார்கள் அல்லவா?

சரி, மேடையில் எதைப் பேசுவது? என் கருத்து, சம்பவத்தை விட்டுவிடுங்கள். எந்த வீடு, எந்த அறை, என்ன செய்தார் என்பதெல்லாம் வேண்டாம். அரங்கில் நானூறு பேர் இருந்தால் அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு சம்பவம் இருக்கும். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். யாரிடமும் அதைச் சொல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. உங்கள் வர்ணனை அவர்களைத் தங்கள் அறைக்குள் கொண்டுபோய்த் தள்ளும், வெளியே கூட்டிவர அங்கே ஆளில்லை. அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காதது, அதற்குப் பிறகு நடந்த உங்கள் கதை. முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் முகம் எப்படி மாறியது, டாக்டரிடம் போக எத்தனை மாதம் தயங்கினீர்கள், மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் எப்படி இருந்தது, கரித்துண்டு ஏன் கைக்கு வந்தது, வண்ணம் ஏன் வரவில்லை. இதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. என்னால் சொல்ல முடியாது. நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவள்.

கூட்டம் முடிந்ததும் நிற்கும் வரிசைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் சிகிச்சை கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. “நீ சொல்வதை நம்புகிறேன், தப்பு உன்னுடையது இல்லை, வா, இதற்கென்று இருப்பவரிடம் சேர்ந்து போகலாம்” என்பது போதும். ‘இதற்கென்று இருப்பவர்’ அந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லூரி ஒரு ஆலோசகரை அங்கே வைக்காவிட்டால் தேதி கொடுக்காதீர்கள். இன்னொன்று, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எதிரில் நிற்கும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி, தெரிந்துகொண்ட எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம்வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098. பேச்சின் ஆரம்பத்திலேயே, “பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்னிடம் ஒன்றைச் சொன்னால், உங்களைக் காப்பாற்ற இன்னொருவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்” என்று அறிவித்துவிடுங்கள். அதற்காக யாரும் சொல்லாமல் போய்விட மாட்டார்கள் என்பது என் அனுபவம். எங்கே போகும் என்று தெரிந்துதான் சொல்வார்கள். இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால், சென்னையில் 2004-லிருந்து குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கென்றே இயங்கும் ‘துளிர்’ அமைப்பிடம் கேட்டுப் பாருங்கள்.

இரவு இரண்டு மணிச் செய்திகளுக்கு இன்ஸ்டாகிராமில் தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள். அதில் 14416 இருக்கட்டும். டெலி மானஸ், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச மனநல உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்புறம் போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். நீங்களே அந்த எண்ணில் பேச வேண்டிய இரவு வந்தால் தயங்காமல் பேசுங்கள். எடுப்பவருக்கு நீங்கள் பேச்சாளர் என்பது தெரியவும் தெரியாது.

மாத்திரை விஷயத்தில் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, பேனர் அடித்தவர்தான் தப்பாக அடித்திருக்கிறார். ஜப்பானிய ஓவியர் யயோயி குசாமா 1929-ல் பிறந்தவர். சிறுவயதில் தாயின் கொடுமையைப் பற்றியும், கண்முன் புள்ளிகள் பெருகி எல்லாவற்றையும் மூடுவதாகத் தோன்றியது பற்றியும் அவரே சொல்லியிருக்கிறார். 1977-லிருந்து டோக்கியோவில் மனநல மருத்துவமனையில் தானாகவே விரும்பித் தங்கி, பக்கத்திலிருக்கும் தன் ஓவியக்கூடத்துக்குப் போய் வேலை செய்துவந்தார். உலகமெங்கும் அவர் படங்களைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். அவரை யாரும் ‘மீண்டு வந்தவர்’ என்று சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை. உங்கள் பேனரில் ‘ஓவியர்’ என்று மட்டும் போடச் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மனநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. கூட்டங்களுக்குப் பிறகு தூக்கம் போவதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லுங்கள்.

கறுப்புப் படங்களைக் கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வருகிறது: நிக்கி டி சான் ஃபால், பிரெஞ்சு–அமெரிக்கச் சிற்பி. 1953-ல் மனநலம் குலைந்து நீஸ் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்ற காலத்தில்தான் முழுமூச்சாக ஓவியத்துக்குள் வந்தார். 1961-ல், வெள்ளைச் சாந்துக்குள் வண்ணப் பைகளைப் புதைத்து, துப்பாக்கியால் சுட்டு வண்ணம் வழியவிட்ட படங்களால் பெயர் பெற்றார். அத்தோடு நின்றிருந்தால் ‘கோபக்காரப் பெண்’ என்ற ஒரே அறையில் அவரையும் பூட்டியிருப்பார்கள். சில வருடங்களிலேயே அவர் அதை விட்டுவிட்டு, பருத்த இடுப்போடு, பளிச்சென்ற நிறத்தில், ஆடிக்கொண்டிருக்கும் பெரிய பெரிய பெண் சிலைகளைச் செய்யத் தொடங்கினார். இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தச் சிலைகள்தான். உங்கள் பித்தளைக் குடத்தை எதற்காகவும் தள்ளிப்போட வேண்டாம். அது விற்காமல் போகலாம், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பழைய படங்களுக்குக் கிடைக்கிற விலைக்காக அந்த வயதுக்கே திரும்பத் திரும்பப் போய்வருவதற்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் கணக்கில் சேருங்கள்.

நிக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பதினொரு வயதில் தகப்பனாரே தன்னிடம் தவறாக நடந்துகொண்டதை அவர் வெளியில் சொன்னது 1994-ல், அறுபதைத் தாண்டிய பிறகு. அதை உலகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் மகளுக்கு எழுதும் கடிதமாக எழுதினார். புத்தகமாக வந்து எல்லோரும் படித்தார்கள், அது வேறு. ஆனால் முகவரி ஒரே ஆளுடையது.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். ‘அந்த மனிதர் பேரப் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறார்.’ நானூறு பேர், நானூறு பேராக அறுபது அரங்கத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பேரப் பிள்ளைகளின் அம்மாவுக்கு இது தெரியுமா? அவருக்கு என்ன வயது, பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அங்கே எதுவும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எதுவும் நடக்காமலும் இருக்கலாம். ஆனால் நடந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்குள் இருக்கிறது, இல்லையென்றால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். போக்சோ சட்டத்தின் அதே 19-வது பிரிவு, நடந்ததை மட்டுமல்லாமல் நடக்கக்கூடும் என்ற அச்சத்தையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே இதை ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், எண் 15100. உங்களுக்கு நடந்தது போக்சோ சட்டத்துக்கு முந்திய காலம் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் புகாருக்குக் காலவரம்பு கிடையாது, அதற்குக் குறைந்தது என்றால் உண்டு. எந்தப் பிரிவில் வரும் என்று வழக்கறிஞர் சொல்வார். மேடையில் பெயரைச் சொல்வது பற்றியும் அவரிடமே கேளுங்கள். தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில், பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் கூறி ரமணியை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. விடுதலை கிடைக்கும்வரை அவர் இரண்டு வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கு அலைந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்களுக்கு நடந்ததற்காகப் போலீஸ், கோர்ட் எல்லாம் இப்போது வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் உரிமை. அப்போதும், அந்தப் பிள்ளைகளின் அம்மாவிடம் நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ சொல்லத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விவரம் தேவையில்லை. “சின்ன வயதில் அவர் என்னிடம் தப்பாக நடந்திருக்கிறார், பிள்ளைகளைத் தனியாக விடாதே” என்றால் போதும். அவர் நம்பாமல் போகலாம், கத்தலாம், உங்கள் எண்ணை பிளாக் செய்யலாம். ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும்போது ஒரு தடவை யோசிப்பார். இதைப் பேசுவதற்கு முன்னால் உங்கள் ஆலோசகரோடு இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள். மேடைக்குப் போகும் முன் இல்லாத நடுக்கம் இதில் இருக்கும்.

உங்கள் அம்மாவின் “ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். வாயை மூடிக்கொள் என்று அதற்கு அர்த்தம் எடுக்கலாம், பல வீடுகளில் அர்த்தம் அதுவேதான். வேறு சில வீடுகளில், “ஊருக்குச் சொன்னாயே, எனக்கு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?” என்பதை வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அம்மாக்கள் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். உங்கள் அம்மா எந்த வகை என்று எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும் நாளில் வேண்டாம், வேறொரு நாள், கீரை ஆய்கிறபோதோ துணி மடிக்கிறபோதோ, முகம் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள்.

தை மாதக் கல்யாணத்துக்கு நீங்கள் போயே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போக ஆசைப்பட்டால், உங்கள் பக்கத்தை விட்டு நகராத ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், வண்டியை வெளியே எடுக்க முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், ஆசீர்வாதம் வாங்கச் சொல்லி யாராவது அவர் காலடிக்குக் கூட்டிப்போனால் என்ன சொல்வது என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். “இடுப்பு வலி, குனிய முடியாது” என்பதுகூட நல்ல பதில்தான். தாலி கட்டியதும் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு நிற்காமல் கிளம்பினாலும் கல்யாணத்துக்குப் போனதாகத்தான் கணக்கு.